லீட் என்ன?

மாலை ஆறு மணிக்கு மேல் பத்திரிகை அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செய்தி ஆசிரியர் கேட்டால், நாளைய முதல் பக்கத்தின் தலைமைச் செய்தி எது என்று பொருள். செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர் நிருபரிடம் கேட்டால், செய்தியின் முதல் பத்தி. தலைமை நிருபர் கேட்டால், துப்பு. பக்கம் அமைப்பவர் வாயில் அதே ஆங்கில எழுத்துகள் ‘லெட்’ என்று ஒலிக்கும். அது காரீயம்.

ஈய அச்சுக் காலத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவே மெல்லிய ஈயத் தகட்டைச் செருகுவார்கள். ஈயம் போய்விட்டது. கணினியிலும் அந்த இடைவெளிக்கு ‘லெடிங்’ என்றே பெயர். 1886இல் நியூயார்க் டிரிபியூன் அலுவலகத்தில் ஓடத் தொடங்கிய லைனோடைப் இயந்திரம், காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஒரு முழு வரியை ஒரே கட்டியாக வார்த்தது. பக்கத்தில் இடம் போதாவிட்டால் செய்தியின் அடியிலிருந்து கட்டிகளை எடுத்துப் போடுவதுதான் சுலபம். நடுவில் கைவைத்துத் திருத்த நேரம் இருக்காது. முக்கியமானது மேலே இருந்தால்தான் பிழைக்கும். முதல் பத்திக்கு இன்றுள்ள மரியாதையில் அந்த உலோகத்துக்கும் பங்கு உண்டு.

என் பாடெல்லாம் இந்த முதல் பத்தியோடுதான். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். அதன் பின்னால் எத்தனை தகவலைச் சேர்த்தாலும் வாசகர் தாங்குவார். தமிழில் வினை கடைசியில். செய்தி ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலச் செய்தியை அப்படியே தமிழாக்கினால் இப்படி வரும்: “வடகிழக்குப் பருவமழை தீவிரமடைந்துள்ளதைத் தொடர்ந்து, மாவட்ட ஆட்சியர் தலைமையில் நேற்று நடைபெற்ற ஆலோசனைக் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி, கரையோரக் கிராமங்களில் உள்ள பள்ளிகளுக்கு இன்று விடுமுறை அளிக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டுள்ளது.” பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுவதா வேண்டாமா என்று தெரிய, ஒரு தாய் அந்தக் கூட்டம் முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

நான் இப்படி மாற்றுவேன்: “கரையோரக் கிராமங்களில் இன்று பள்ளிகளுக்கு விடுமுறை. மழை வலுத்ததால் மாவட்ட ஆட்சியர் அறிவித்துள்ளார்.” கூட்டமும் ஆலோசனையும் அடுத்த பத்திக்குப் போகட்டும். வினையே இல்லாமல் முடியும் வாக்கியம் தமிழுக்கு இயல்பு. அந்த வசதியை ஏன் விட வேண்டும்? லீடில் ‘தொடர்ந்து’ என்ற சொல்லைக் கண்டால், அதற்கு அடுத்த சொல்லிலிருந்து படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் செய்தி அங்கேதான் தொடங்கும். (‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடியும் வரியை வெட்ட யோசிப்பதே இல்லை.)

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் குற்றச்சாட்டு. ‘ஒப்பந்தத்துக்கு அவர் பணம் வாங்கினார்’ என்று படித்து முடித்த பிறகு ‘என்று எதிர்த்தரப்பு கூறியது’ என வருகிறது. அதற்குள் வாசகர் மனதில் தீர்ப்பு விழுந்துவிடும். நம் மொழியில் ‘என்று’ தாமதமாக வருகிறது. ஆகவே சொன்னவரை முன்னால் நிறுத்துங்கள் என்று புதிதாக வரும் நிருபர்களிடம் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். இது ஒரு மனிதரின் மானம் சம்பந்தப்பட்டது.

துப்பையே தலைமைச் செய்தியாக்கும் அவசரமும் இதே வகைதான். 1987 ஏப்ரலில், போஃபர்ஸ் பீரங்கி ஒப்பந்தத்தில் லஞ்சம் கைமாறியதாக ஸ்வீடன் வானொலி சொன்னது. ஜெனீவாவிலிருந்து எழுதிவந்த சித்ரா சுப்ரமணியம் அதைத் தொடர்ந்து போனார். ஆவணங்கள் 1988இல் ‘தி இந்து’வில் வெளியாயின. அவற்றைக் கொடுத்தவர் ஸ்வீடன் காவல்துறை அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். அந்தப் பெயர் 2012இல்தான், அவர் சம்மதத்தோடு, உலகுக்குத் தெரிந்தது. இரண்டு லீடுக்கும் இடையிலுள்ள தூரத்தை நடந்தே கடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை. காதில் விழுந்ததைப் பத்து நிமிடத்தில் எட்டு காலம் தலைப்பாகப் போடுவது பத்திரிகை வேலையே அல்ல.

நாளைக் காலை நாளிதழைப் பிரித்ததும் ஏதாவது ஒரு செய்தியின் முதல் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டினாலோ, யார் சொன்னது என்று தெரியாமல் யார் மீதாவது கோபம் வந்தாலோ, ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டெஸ்க்கில் இருக்கும் எங்களுக்கு அது உதவும்.