ஐந்தருவி மலைக்கு இப்பாலும் அப்பாலும்

தென்காசிச் சீமைக்கு ஆனி, ஆடி மாதங்கள் இறைவன் ஆண்டுதோறும் அருளும் திருவிழாக் காலம் எனலாம். கோடை வெயிலில் வெந்து கிடந்த நிலத்தின்மீது, செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்து மெல்லிய சாரலைத் தூவும். அந்நாட்களில் குற்றாலம் பேரருவியிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஐந்தருவிக்கு மக்கள் திரள் திரளாய்ச் செல்வர். வழியில் வெண்ணமடைக் குளத்தில் படகுகள் மிதக்கும். சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவிந்திருக்கும். ஒரே மலைமுகட்டிலிருந்து வரும் நீர் ஐந்து கிளைகளாய்ப் பிரிந்து பாறைமீது விழும் காட்சியைக் கண்டு, படைத்தவனைப் போற்றாத உள்ளம் இராது. இம்மலைச் சாரலில் பெருகும் நீரே சிற்றாறாய் ஓடி, சீவலப்பேரியருகே தாமிரபரணியோடு கலந்து, வழியெல்லாம் வயல்களை வாழ்விக்கின்றது.

அருவியைக் காணச் செல்வோரின் கண்ணில் படாத ஓர் உயிரைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகின்றோம். கடை வாயில்களிலும் உணவு விடுதிகளின் பின்புறத்திலும் சுருண்டு கிடக்கும் தெருநாய்களையே குறிப்பிடுகின்றோம். கூட்டம் மிகுந்த நாட்களில் எறியப்படும் எச்சில் இலைகளால் அவற்றிற்குக் குறைவில்லை. நீர் வற்றிய ஒரு பங்குனி மாதத்தில் நாம் அவ்வழியே சென்றபோது, கடைகள் அடைபட்டிருக்க, விலா எலும்புகள் தெரிய அவை சாலையில் வருவோர் முகத்தையே நோக்கி நின்றதைக் கண்ணுற்றோம். மனிதரோடு வாழவென்றே பழகிவிட்ட ஓர் உயிரை மனிதர் மறந்துவிட்டால் அது எங்குச் செல்லும்? அவ்வினா நம் உள்ளத்தில் தங்கிற்று. அதற்கு விடை தேடுவோர் இம்மலையின் இப்பாலும் அப்பாலும் சற்றே பயணம் செய்தல் வேண்டும்.

முதலில் இப்பால் செல்வோம். தென்காசியிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டியே கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி எனும் ஊர்களைக் கடந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் இராசபாளையத்தை அடையலாம். பால்போன்ற வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், நெடிய கால்களும் உடைய வேட்டை நாய்க்கு இவ்வூரின் பெயரே நிலைத்துவிட்டது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் இதனை நம் முன்னோர் வளர்த்தனர். முயல் வேட்டையில் காற்றெனப் பாயும் சிப்பிப்பாறை நாயும் இந்தத் தென்பாண்டி மண்ணின் செல்வமே. 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இராசபாளையம் நாயும் அவற்றுள் இடம் பெற்றது. 2020-இல் இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டும், கருநாடகத்தின் முதோல் நாயும் இந்நாட்டின் பூர்விக இனங்களெனத் தேசியப் பதிவேட்டில் ஏறின.

இத்தகைய பெருமை இருந்தும், நம்மவருள் பலர் வெளிநாட்டு நாய்களையே அறிவுடையவை எனக் கருதுகின்றனர். நாட்டு நாய் முரட்டுப் பிராணி, எதையும் கற்காது என்பது அவர்தம் எண்ணம். 2024-ஆம் ஆண்டு லக்னோ நகரில் நடைபெற்ற அகில இந்தியக் காவல்துறைப் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா எனும் முதோல் நாய், தடம் பற்றிச் செல்லும் கலையில் முதற் பரிசைப் பெற்று அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிற்று. அந்நாயினத்துக்கு ஆற்றல் புதிதாக வந்துவிடவில்லை. கற்பிக்கும் பொறுமையுடைய ஒருவர் அதற்கு வாய்த்தார் என்பதே உண்மை.

அப்பொறுமை எத்தகையது என்பதை அறிய மலைக்கு அப்பால் செல்லுதல் நலம். ஆரியங்காவு வழியே கேரளத்துள் நுழைந்து வடக்கே சென்றால், திருச்சூரை அடுத்த இராமவர்மபுரத்தில் அம்மாநிலக் காவல்துறைக் கல்விக்கழகம் உள்ளது. அங்கே நாய்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி இயங்குகின்றது. இத்தகைய பள்ளிகளில் கல்வி எவ்வாறு நிகழ்கின்றது என்பது நம் இல்லத்துப் பெற்றோரும் கேட்டறியத் தக்கது. குட்டிப் பருவத்திலேயே நாயும் அதன் பயிற்றுநரும் ஒருவரோடொருவர் பிணைக்கப்படுகின்றனர். உணவு அளிப்பதும், மேனி துடைத்துச் சீவி விடுவதும், நோயுற்றால் உடனிருப்பதும் அப்பயிற்றுநரின் கடமை. வெயில் ஏறுமுன் காலையிலும், தணிந்தபின் மாலையிலும் சிறு சிறு பாடங்கள் நடைபெறும். உட்கார், படு, நில், உடன் நட என்னும் எளிய கட்டளைகளே அரிச்சுவடி. அவற்றில் தேறிய பின்னரே, திருடர் தடம் காணுதல், வெடிமருந்தை மோப்பம் பிடித்தல், மண்ணுள் புதையுண்டாரைத் தேடுதல் எனத் தனித்தனித் துறைகள் வகுக்கப்படும்.

மனிதரின் மூக்கில் மணமறியும் உயிரணுக்கள் ஏறத்தாழ 50 முதல் 60 இலட்சம் என்பர். நாய்க்கோ அவை 20 கோடிக்கும் மேலாம். இவ்வரம் படைத்தவன் தந்தது. எந்த மணத்தைத் தேட வேண்டும், கண்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதையே பயிற்றுநர் கற்பிக்கின்றார். வெடிமருந்தைக் கண்ட நாய் குரைத்தலோ பிறாண்டுதலோ ஆகாது; அவ்விடத்திலேயே அசையாது அமர்ந்து குறிப்பால் உணர்த்த வேண்டும். இவ்வடக்கம் பிரம்படியால் வருவதன்று. சரியாகச் செய்தபோது ஒரு பந்து, ஒரு வாய் உணவு, கனிந்த குரலில் ஒரு பாராட்டு. தவறியபோது மீண்டும் முதலிலிருந்து. அடித்துப் பழக்கிய நாய் அஞ்சும். அஞ்சிய நாய் நெருக்கடியில் கைவிடும். அன்பினால் பழகிய நாயோ தன் பயிற்றுநரின் குரலுக்காக இடிபாடுகளுக்குள்ளும் நுழையும்.

அவ்வாறு நுழைய நேர்ந்த ஒரு நாளை நம் பகுதி மக்கள் மறத்தல் அரிது. ஐந்தருவியில் நம்மை மகிழ்விக்கும் அதே தென்மேற்குப் பருவமழை, 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலையைச் சரித்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு வரிசைகள் உறக்கத்திலேயே மண்ணுள் மூழ்கின. மாண்டோர் 70 பேர். அவருள் நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. அனைவரும் தமிழ்க் குடும்பத்தினர். பலருக்குப் பூர்விகம், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு வட்டாரம். பிழைப்பைத் தேடித் தலைமுறைகளுக்கு முன் மலையேறிய நம் உறவுகள் அவர்கள். திருச்சூரில் பழகிய மோப்ப நாய்களும் அச்சேற்றில் இறங்கித் தேடின.

ஆயினும் அங்கு நடந்தவற்றுள் நெஞ்சை விட்டு அகலாதது வேறொன்று. குவி எனும் பெயருடைய நாட்டுப் பெண்நாய் ஒன்று, தான் விளையாடி மகிழ்ந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையைத் தேடி ஆற்றங்கரையில் நாள்தோறும் அலைந்து கொண்டிருந்தது. எந்தப் பள்ளியிலும் அது பயின்றதில்லை. எட்டாம் நாள், ஆற்றின் ஓரிடத்தில் நீரையே உற்று நோக்கியபடி அது நகராது நின்றது. அதைக் கண்டு ஐயுற்ற மீட்புப் பணியாளர் அவ்விடத்தில் தேடியபோது, விழுந்த மரங்களில் சிக்கிக் கிடந்த அக்குழந்தையின் உடல் கிட்டிற்று. வீட்டிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். குடும்பத்தில் உயிர் பிழைத்த பாட்டிக்கு, பேத்தியின் முகத்தை இறுதியாய் ஒருமுறை காணும் பேறு அந்த நாயினாலேயே கிடைத்தது.

உண்ணாது சோர்ந்து திரிந்த குவியை, இடுக்கி மாவட்டக் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவின் பயிற்றுநர் ஒருவர் மேலதிகாரிகளின் அனுமதியோடு ஏற்று, உணவூட்டி, தம் நாய்களோடு பழக்கினார். 2021 ஏப்ரல் மாதம், பாட்டியார் விரும்பியபடி குவி அவரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. ஆற்றல் மிக்க நாயொன்று பணிக்குக் கிடைத்ததே என்று வைத்துக் கொள்ளாமல், துயருற்ற ஒரு மூதாட்டிக்கு எஞ்சியிருந்த துணையைத் திருப்பித் தந்த செயலில், பயிற்சியினும் மேலான ஒன்றை நாம் காண்கின்றோம்.

நம் திருச்சபைக்கும் இவ்வழக்கம் புதிதன்று. ஆல்ப்ஸ் மலையில், 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயொன்றில் 11-ஆம் நூற்றாண்டில் மெந்தோன் நகர்ப் புனித பெர்நார்து வழிப்போக்கருக்கென ஒரு தங்குமனையை நிறுவினார். 17-ஆம் நூற்றாண்டு முதல் அங்கிருந்த அகுஸ்தினார் சபைத் துறவியர் பெருநாய்களை வளர்த்து, பனியில் புதையுண்டோரை மீட்கப் பழக்கினர். 1800-இல் பிறந்த பாரி எனும் நாய் 40-க்கும் மேற்பட்டோரைக் காத்ததாகச் சொல்லப்படுகின்றது. அதன் பதனிடப்பட்ட உடலைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். 2005 முதல் அந்நாய்களை ஓர் அறக்கட்டளை பேணி வருகின்றது. செபமும் தவமும் நிறைந்த துறவு மடத்தில் நாய்க்கும் ஒரு திருப்பணி இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ? தோபித்து நூலிலும், இளைஞர் தோபியாவும் வானதூதர் இரபேலும் புறப்பட்ட பயணத்தில் அவர் வீட்டு நாயும் உடன் சென்றதைத் திருநூலாசிரியர் மறவாது குறித்துள்ளார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இது குறித்து இரு திசையிலும் நம்மை எச்சரிக்கின்றது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு. அதேவேளை, வறியோரின் துயர் துடைக்க வேண்டிய பணத்தை அவற்றின்மீது வாரி இறைப்பதும் தகாது. வீட்டின் செல்வச் செழிப்பை ஊருக்குக் காட்ட உயர்ந்த விலைக்கு நாய் வாங்கி, நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைத்து, அது முரண்டு பிடித்ததும் நள்ளிரவில் ஐந்தருவிச் சாலை போன்ற ஓரிடத்தில் இறக்கிவிட்டு வருவோர் இவ்விரு தவற்றையும் ஒருங்கே செய்கின்றனர். வெண்மை ஒன்றையே விரும்பி நெருங்கிய உறவுக்குள் இனவிருத்தி செய்வதால், செவிப்புலன் அற்ற இராசபாளையக் குட்டிகள் பிறப்பதுண்டு. குரல் கேளாத அவற்றை அறிவற்றவை என்று அடிப்பதும் உண்டு. இவை நம் இல்லங்களில் நிகழலாகாது.

வளர்ப்போர் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்தல் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை. எந்த நாய் கடித்தாலும், சிறு கீறலாயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையை அணுக வேண்டும்; அங்குத் தடுப்பூசி கட்டணமின்றிக் கிடைக்கும். மஞ்சளும் மந்திரமும் அந்நோயைத் தடுப்பதில்லை. அது முற்றியபின் மருந்தும் இல்லை.

இனி ஒன்றே சொல்ல எஞ்சியுள்ளது. வாயில்லா உயிரொன்றுக்குக் கட்டளை கற்பிப்பவர் அதன் பசியை அறிகின்றார், அச்சத்தை அறிகின்றார், நூறுமுறை தவறினும் நூற்றோராம் முறை தொடங்குகின்றார். நம் பிள்ளைகளோ இறைச் சாயலில் படைக்கப்பட்டவர்கள். அவர்கள் ஒரு பாடத்தில் தவறியதும் பிரம்பைத் தேடும் கைகளும், ஒரு நன்மை செய்தபோது பாராட்ட மறக்கும் நாவும் நம் இல்லங்களில் எத்தனை! சாரல் காலத்தில் குடும்பத்தோடு ஐந்தருவிக்குச் செல்வீர், நீராடி மகிழ்வீர். திரும்பும்போது சாலையோரத்தில் நிற்கும் அந்த மெலிந்த உயிருக்கு ஒரு பிடி உணவிடப் பிள்ளையின் கையில் கொடுப்பீர். இரக்கத்தின் முதற்பாடம் அங்கேயே தொடங்கட்டும்.