ஒடெசானெக்: கட்டைக்குப் பசித்தால்

தேவதைக் கதைப் படம் என்றால் எனக்குப் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும். இந்த செக் படம் தூங்கவிடவில்லை. பார்த்து முடித்தபிறகு சாப்பாடும் இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

யான் ஷ்வாங்க்மெயர் 2000-ல் எடுத்தது. 19-ம் நூற்றாண்டில் கரெல் யாரோமிர் எர்பென் எழுதிவைத்த நாட்டுப்புறக் கதைதான் மூலம். பிள்ளையில்லாத தம்பதி ஒரு மரக்கட்டையைப் பிள்ளையாக வளர்க்கிறார்கள். அதற்கு உயிர் வருகிறது, கூடவே அடங்காத பசியும். அப்பா அம்மாவையே விழுங்கிவிடுகிறது. கடைசியில் முட்டைக்கோஸ் தோட்டத்துக் கிழவி மண்வெட்டியால் வயிற்றைப் பிளக்க, எல்லோரும் உயிரோடு வெளியே வருகிறார்கள்.

படத்தில் இது இன்றைய நகரத்து அடுக்குமாடி வீட்டில் நடக்கிறது. ஆரம்பத்தில் ஒரு காட்சி. தெருவில் மீன் விற்கிற மாதிரி தொட்டியிலிருந்து குழந்தைகளை எடுத்து, எடைபோட்டு, செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கிறார்கள்! எல்லாம் கணவன் கரெலின் பிரமை. மனைவி பொஷெனாவைக் கொஞ்சம் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு அடிமரத்தைத் தோண்டி, குழந்தை மாதிரி செதுக்கிக் கொடுக்கிறான். அவளோ அதற்குப் பவுடர் போடுகிறாள். அக்கம்பக்கத்தை நம்பவைக்க மாதத்துக்கு ஒன்றாகப் பெரிய பெரிய தலையணைகள் தைத்து வயிற்றில் கட்டிக்கொள்கிறாள். (எங்கள் தேய்மானக் கணக்குகூட இவ்வளவு ஒழுங்காக இருக்காது.)

முதலில் பூனை காணாமல் போகிறது. அப்புறம் தபால்காரர். பொஷெனாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை, பிள்ளைக்குப் பசி, அவ்வளவுதான். நடுவில் படம் இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

ஆனால் பக்கத்து வீட்டுச் சிறுமி அல்ஷ்பியெட்கா படத்தைத் தூக்கி நிறுத்திவிடுகிறாள். அவள் எர்பென் கதையைப் படித்துவிட்டாள், அதனால் முடிவு தெரியும். நிலவறையில் பூட்டிவைத்த ஒடிக்கைக் காப்பாற்ற அவள்தான் சாப்பாடு போடுகிறாள். எந்த ஆளை அனுப்புவது என்று தீக்குச்சி போட்டுப் பார்க்கிறாள், சொந்த அப்பா அம்மா உட்பட! முட்டைக்கோஸை மட்டும் தொடாதே என்று கெஞ்சுகிறாள்.

முடிவைச் சொல்லப்போகிறேன், படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஒடிக் முட்டைக்கோஸைத் தின்றுவிடுகிறது. வீட்டைப் பார்த்துக்கொள்கிற கிழவி மண்வெட்டியோடு படியிறங்குகிறாள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. வயிறு பிளந்ததா, யாராவது வெளியே வந்தார்களா, எதையும் காட்டவில்லை. நானோ ஒடிக் எப்படியாவது தப்பிக்க வேண்டுமே என்று பதறிக்கொண்டிருந்தேன். தபால்காரர் ஞாபகமே வரவில்லை.