ஓட்டினுள் மறைந்த உறவு

தமிழாசிரியன் ஒருவன் பண்டைக் கடலுயிர்களின் ஓடுகளைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு அன்பர் சிலர் வியத்தல் கூடும். ஆயினும் ஓடும் சொல்லும் ஒருவகையில் ஒத்தனவே. இரண்டும் புறவடிவினால் நம்மை மயக்குவன. நன்னூலார் வகுத்த பொதுமொழியை எண்ணுக. ‘எட்டு’ என்பது பிரியாது நின்றால் ஓர் எண். எள், து எனப் பிரிந்து நின்றால் எள்ளை உண் என்பது பொருள். வடிவம் ஒன்று, உள்ளமைப்பு வேறு.

சென்ற ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பு மாணவன் ஒருவன் போட்டியொன்றுக்கு எழுதிய கட்டுரையைப் பிழைதிருத்தித் தருமாறு கொணர்ந்தான். ஹயோலித் என்னும் உயிர்ச்சுவட்டைப் பற்றியது அது. சந்திப்பிழை தேடப் புகுந்த யான் பொருளிலே ஆழ்ந்துபோனேன்.

ஹயோலித்தின் வன்கூடு கூம்பு வடிவினது. கூம்பின் வாயை அடைக்க ஒரு மூடி உண்டு. அவ்வினத்துள் ஒரு பிரிவுக்கு, மூடிக்கும் கூம்புக்கும் இடையிலிருந்து இருமருங்கும் வளைந்து நீளும் முட்போன்ற உறுப்புகள் இரண்டு உள. அவற்றை ஹெலன் என்பர். பெரும்பாலானவை சில சென்ரிமீற்றர் நீளமே உடையன. ஏறத்தாழ 53 கோடி ஆண்டுகளுக்கு முன் கம்பிரியன் காலக் கடலில் தோன்றிய இவை, 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பேர்மியன் காலத்து முடிவோடு மறைந்தன. நம் குடாநாட்டிற் கிணறு வெட்டுவோர் காணும் சுண்ணாம்புக்கல்லிலும் சிப்பிச் சுவடுகள் உள. ஆயின் அக்கல் மயோசீன் காலத்தது. அது படிந்தபோது ஹயோலித் மறைந்து 20 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன.

மென்னுடல் அழிந்து கூடு மட்டும் எஞ்சியமையால், அறிஞர் பலர் அதன் வடிவை நோக்கி, நத்தையும் கணவாயும் அடங்கிய மொலஸ்கா கூட்டத்துக்கு அதனை உறவாக்கினர். வேறு சிலர் தனித்தொகுதி எனக் கொண்டனர். வழக்கு இருந்தது; சாட்சி இல்லை.

அச்சாட்சி கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மலைகளிற் கிடந்தது. அங்கே 1909ஆம் ஆண்டு சாள்ஸ் வோல்கொற் கண்ட பேர்ஜெஸ் களிப்பாறையில், ஏறத்தாழ 50 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் சேற்றிற் புதையுண்ட உயிர்களின் மென்னுறுப்புகளும் பதிந்துள்ளன. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அப்போது இளமாணி மாணவராயிருந்த ஜோசெப் மொய்சியுக், மூத்த ஆய்வாளர் இருவருடன் 1,500க்கு மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்து 2017இல் தம் முடிவை வெளியிட்டார். மூடிக்கும் கூம்புக்கும் இடையே இரை திரட்டும் பரிசக்கொம்புகள் வரிசையாய் நின்றமையை அவர்கள் கண்டனர். அத்தகைய உறுப்பு, இன்றும் கடலில் வாழும் விளக்குச் சிப்பிகளுக்கு உரியது. அவையும் புறத்தோற்றத்தால் நம்மை மயக்குவன. மட்டியின் ஈரோடுகள் உடலின் இடமும் வலமுமாய் அமைவன. விளக்குச் சிப்பியின் ஈரோடுகளோ மேலும் கீழுமாய் அமைவன. ஆதலின் அது மட்டியின் இனமன்று. ஹயோலித் இவ்விளக்குச் சிப்பிக்கே உறவு என்பது அவர்கள் துணிபு.

வழக்கு அத்துடன் முடியவில்லை. சீனத்தின் யுன்னான் மாகாணத்துச் செங்சியாங்கிற் கிடைத்த வேறொரு ஹயோலித்தை ஆராய்ந்தோர், அதன் கொம்புகள் விளக்குச் சிப்பியின் உறுப்பை ஒத்தன அல்ல என 2020இல் மறுத்தனர். கூர்ப்பு மரத்தில் இவற்றின் இடம் இன்னுங் கீழே, அடிமரத்தை அடுத்தது என்பது அவர்கள் கருத்து.

மாணவன் இவை யாவும் கூறி, “இதன் உறவு இன்னும் முடிவாகவில்லை” என்று கட்டுரையை நிறுத்தியிருந்தான். பின்னர் அவனே ஐயுற்று, “சேர், கடைசி வசனத்தை வெட்டிவிடட்டுமா? ஒரு விடையை எழுதினால்தானே புள்ளி கிடைக்கும்” என்று வினவினான்.

ஆசிரிய கலாசாலையிற் பாடக்குறிப்பு எழுதப் பயின்ற நாளில், எப்பாடமும் ஒரு முடிவோடு நிறைவுறல் வேண்டும் எனக் கற்றேன். அது நல்ல விதியே. எனினும், ‘அறிந்தது இவ்வளவு, ஆராய்வதற்கு இருப்பது இவ்வளவு’ என்று எல்லை காட்டுவதும் ஒரு முடிவன்றோ? வசனத்தை வெட்டவேண்டாம் என்றேன்.

கட்டுரை பரிசு பெறவில்லை. ‘முடிவுரை தெளிவில்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவன் முகம் வாடியது கண்டு என் உள்ளமும் வாடிற்று. எனினும் அவ்வறிவுரையை இன்று கேட்டாலும் அவ்வாறே கூறுவேன். ரொறன்ரோ மாணவரும் ஐயம் தீராத பொருளை ஆராய்ந்தமையாலன்றோ தம் முடிவை எய்தினார்! வினா முடிந்துவிட்டது என்று நூல்கள் எழுதியிருப்பின், அக்கற்களை மீண்டும் எடுத்து நோக்க எவர்க்கும் மனம் எழுந்திராது.

நீதிமன்றிலும் மருத்துவமனையிலும் பணிமனையிலும் இருந்து இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்காள்! உங்கள் பிள்ளைகள் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று எழுதிக் கொணர்ந்தால், புள்ளியை எண்ணி அதனை வெட்டிவிடாதீர்கள். எங்கே முடிவாகவில்லை என்று வினவுங்கள். அவர்கள் காட்டும் இடத்தில் கல்வி தொடங்கும்.