இடது கையில் ஒரு பேஸ் கிடார்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் எண்ணூர் வரைக்கும் ஜன்னலோரம் உட்காராமல் இருப்பதே நல்லது. தூசும் உப்புக்காற்றும் முகத்தில் அப்பிக்கொள்ளும். அத்திப்பட்டு, மீஞ்சூர் தாண்டிப் பொன்னேரி வரும்போதுதான் கொஞ்சம் வயல் கண்ணில் படும். ஆடி ஞாயிறு. பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் பஸ்ஸிலும் வேனிலும் போய்விட, ரயிலில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிப்காட் ஷிப்டுக்குப் போகிறவர்கள். நான் போனது ஒரு கீபோர்டுக்காரரைக் கேட்க.

அதற்குக் காரணம் ஜாஸ் ஆர்கன்காரர் ஜிம்மி ஸ்மித். அமெரிக்காவில் ஹாம்மண்ட் ஆர்கன் 1935-இல் விற்பனைக்கு வந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள்தான் அதை விரும்பி வாங்கின. அங்கிருந்து அது மெல்ல ஃபிலடெல்ஃபியா, நியூவார்க் நகரங்களின் தெருமுனை பார்களுக்குள் நுழைந்தது. 1956-இல் ஸ்மித்தின் முதல் இசைத்தட்டுகள் வெளியானதும் ஆர்கன், கிடார், டிரம்ஸ் என்று மூன்று பேர் கொண்ட குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. அறுபதுகளின் கடைசியில் நியூ ஆர்லியன்ஸில் ஆர்ட் நெவில் ஆர்கன் வாசித்த 'தி மீட்டர்ஸ்' குழு அதையே ஃபங்க் ஆக்கியது. இதையெல்லாம் கலைப் புரட்சி என்று எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இதில் கணக்குதான் முதலில் தெரிகிறது. ஆர்கன்காரர் காலாலும் இடது கையாலும் பேஸ் வாசித்துவிடுவார். பார் முதலாளிக்கு ஓர் ஆள் சம்பளம் மிச்சம்.

நம் ஊர் பாரில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. 2003 கடைசியில் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டதிலிருந்து பார் என்றால் கடையை ஒட்டிய தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் நாற்காலி, சுண்டல், ஆம்லெட். பாட்டு வேண்டுமென்றால் யாராவது செல்போனில் போட்டால் உண்டு. சென்னையில் நட்சத்திர ஹோட்டல் பார்களில் மேடை இருக்கிறது, சிப்காட் தொழிலாளி அங்கே போக மாட்டார். ஆகவே இங்கே குடி ஒரு பக்கம், இசை ஒரு பக்கம். நடுவில் ஆட்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டியில் அம்மன் கோயிலுக்கு எதிரே, தெருவை அடைத்து மேடை. சீரியல் செட்டில் அம்மன் நாக்கை நீட்டி நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். கூழ் ஊற்றி முடித்த அண்டாக்கள் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆர்கெஸ்ட்ரா என்று நோட்டீஸில் போட்டிருந்தது. மேடையில் இருந்தது ஐந்து பேர்: ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு டோலக், இரண்டு பாடகர்கள். எழுபது, எண்பதுகளின் மெல்லிசைக் குழுக்களில் வயலின்களே இதைவிட அதிகம் இருக்கும்.

ஸ்டாண்டில் கீபோர்டு ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. ஹாம்மண்டிலும் இப்படித்தான் இரண்டு அடுக்குக் கட்டைகள். கீழே இடது கை பேஸ் வாசிக்க, மேலே வலது கை நாதஸ்வரத்துக்கும் புல்லாங்குழலுக்கும் பழைய எம்.எஸ்.வி. பாட்டு ஆர்கனுக்கும் மாறி மாறித் தாவியது. ஹாம்மண்ட் கிட்டத்தட்ட இருநூறு கிலோ. இதை ஒருவரே தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறலாம்.

கச்சேரி தொடங்கும் முன் அவரிடம் பேஸ் கிடார் எங்கே என்று கேட்டேன். "அந்தாளுக்குத் தனியா துட்டு குடுத்தா கட்டுப்படி ஆவாதுண்ணா" என்றார். ஃபிலடெல்ஃபியா பார் முதலாளியின் அதே பதில். மேல் கீபோர்டு வாடகைக்கு எடுத்ததாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆர்.கே.சேகர் 1976-இல் மறைந்த பிறகு அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்த வீட்டுப் பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான்.

வாசிக்கக் கற்றது சர்ச்சில் என்றார். அன்று காலையிலும் ஆராதனைக்கு வாசித்துவிட்டு வந்திருக்கிறார், மாலையில் அம்மன் பாட்டு. இதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது. ஆடி மாதம் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒலிக்கும் அம்மன் பாட்டுகளுக்குக் குரல் கொடுத்த எல்.ஆர்.ஈஸ்வரியின் இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி.

பாட்டுகள் பரவாயில்லை ரகம். பெண் குரலுக்கு எக்கோ அதிகம், டோலக் சில இடங்களில் முந்தியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது பாட்டு நின்றபோது. விழாக் குழுக்காரர் மைக்கை வாங்கி நன்கொடையாளர் பட்டியலை வாசிக்க ஆரம்பித்தார். ஐநூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று, வெல்டிங் பட்டறை, மளிகைக் கடை, லாரி உரிமையாளர். மேடை சும்மா இருக்கக் கூடாதே என்று கீபோர்டுக்காரர் இடது கையில் நாலே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். பேட்காரர் அதன் இடுக்குகளில் புகுந்துகொண்டார். வலது கை ஆர்கன் டோனுக்குப் போய், ஒவ்வொரு பெயர் முடியும்போதும் ஒரு வெட்டு வெட்டியது. பெரிய தொகைக்குக் கொஞ்சம் நீளமான வெட்டு. இதை எந்தப் படத்திலிருந்தும் எடுக்கவில்லை. மீட்டர்ஸ் குழுவின் பெயரே அவருக்குத் தெரியாது. பட்டியல் நீண்டுகொண்டே போகாதா என்றிருந்தது எனக்கு.

பிறகு சீட்டுகள் வந்தன. ஒடிசா, பீகார் பையன்கள் ஒரு போஜ்புரி பாட்டு கேட்டார்கள். பாடகருக்கு வரிகள் தெரியவில்லை. கீபோர்டுக்காரர் மெட்டை மட்டும் வாசித்தார், அவர்களே பாடிக்கொண்டு ஆடினார்கள். இன்னொரு சீட்டு 'சுராங்கனி'. கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து வந்தவர்களின் பெரிய முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்கிறது. சிலோன் மனோகர் கடல் தாண்டிக் கொண்டுவந்து இங்கேயும் புகழாக்கிய அந்தப் பைலா பாட்டைக் கேட்டவர் அறுபது வயதுக்காரர். இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை மட்டும் அசைத்து, அளந்து ஆடினார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பையன் டப்பாங்குத்துக்குத் தாவ, இடது கை இருவரையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்தது.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில் போலீஸ்காரர் மேடைப் பக்கம் வந்து கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. டாஸ்மாக் ஷட்டர் இறங்குவதும் அதே பத்துக்குத்தான். அங்கிருந்து வந்தவர்கள் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று கெஞ்ச, சவுண்ட் சர்வீஸ் ஆள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஸ்பீக்கர்கள் குட்டி யானையில் ஏறின. கீபோர்டுக்காரர் இரண்டு பைகளையும் மாட்டிக்கொண்டு டீக்கடையில் நின்றார். அடுத்து ஆயுத பூஜைக்கு ஓர் ஆட்டோ ஸ்டாண்டு, அப்புறம் கிறிஸ்துமஸ் வரை சர்ச் வேலை என்றார். பட்டியல் வாசிப்பின்போது அவர் வாசித்ததைப் புகழ்ந்தேன். எதைச் சொல்கிறேன் என்று முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. "அதுவா? சும்மா கை போனபோக்குல ஓட்டினது" என்று சிரித்துவிட்டு விசிட்டிங் கார்டை நீட்டினார். "வீட்ல ஃபங்ஷன் எதனா இருந்தா சொல்லுங்கண்ணா. பேஸ் கிடாருக்கு ஆளு வேணும்னா மட்டும் ரேட்டு தனி."