தந்தைவழியும் தாய்வழியும்

என் தாயாரின் பாட்டியார் பறங்கியர் சமூகத்தவர். அவர்தம் முன்னோர் ஒல்லாந்தர் என்றே இல்லத்தார் கூறுவர். ஆயின், 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் படைவீரருட் பலர் ஜேர்மன் நிலத்தினர். ஹேக் நகரச் சுவடிகள் கூடத்திலுள்ள 18ஆம் நூற்றாண்டுக் கப்பற் சம்பளப் பேரேடுகள் அவர்களின் சொந்த ஊரைக் குறிக்கின்றன.

பெயரொற்றுமை ஒன்றே சான்றாகாது. ஒல்லாந்த எழுத்தர் கையில் ஜேர்மன் பெயர்கள் பல உருமாறின. ஆதலின், திருமணப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு என ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

இவ்வாறு தேடுவோர்க்கு ஆணின் ஊர் புலனாகலாம். அவனை மணந்த இந்நாட்டுப் பெண்ணோ பல பதிவுகளில் வெறும் பெயராகவே நிற்கின்றாள். 1908இல் கொழும்பிலே தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் தந்தைவழியையே உறுப்புரிமைக்கு அளவுகோலாகக் கொண்டது. தாய்வழி வந்த யான் அவளது ஊரையும் தேடுகின்றேன்.