நூலளவு

அந்த மாடிப்படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. இறங்குகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டால்தான் ஏறுகிறவருக்கு வழி. ரிச்சி தெருவில் கீழே பளபளக்கிற கடைகளைவிட இப்படிப் படிக்கட்டுக்கு மேலே ஒளிந்திருக்கும் கடைகளின் மேல்தான் எனக்கு நம்பிக்கை. கையைப் பிடித்து இழுக்க வாசலில் ஆள் கிடையாது. யாராவது சொல்லி அனுப்பித்தான் ஆட்கள் வருகிறார்கள்.

சனிக்கிழமை மதியம். என் லேப்டாப்பில் ஸ்பேஸ் பாரின் ஒரு பக்கம் செத்துப் போயிருந்தது. கடைப் பையன் அதை உள்ளே எடுத்துப் போய், "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காட்டினான். எட்டடிக்குப் பத்தடி இருக்கும் கடை. எனக்கு வேலை ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்கிறது, கண்ணுக்கு இறங்குவதே அபூர்வம். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு மானிட்டர்கள், ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம். மேல் அலமாரியில் தூசி படிந்த பழைய டாக்கிங் ஸ்டேஷன்கள் அடுக்கிக் கிடந்தன. லேப்டாப்பை மேலே வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும் பலகைகள் அவை. ஒரு காலத்தில் அலுவலகங்களில் மேலாளர்கள் மேசையில்தான் அவற்றைப் பார்க்க முடியும். ஆப்பிள் 1992இல் விற்ற பவர்புக் டுவோவுக்கு இன்னும் வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. வீடியோ கேசட்டை வி.சி.ஆருக்குள் தள்ளுவதுபோல லேப்டாப்பையே ஒரு பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். அது மேசைக் கணினியாகிவிடும். அந்தக் காலத்து டாக்குகளிடம் ஒரு நேர்மை இருந்தது. வேறு மாடலை வைத்தால் உட்காரவே உட்காராது. இப்போது எல்லா லேப்டாப்பிலும் ஒரே டைப் சி துளை. எதைச் சொருகினாலும் போகும். போன பிறகு வேலை செய்யுமா என்பதுதான் தெரியாது.

அதற்குச் சாட்சியாக ஒரு இளைஞன் வந்தான். எம்1 மேக்புக் ஏர். ஆன்லைனில் வாங்கிய ஹப் ஒன்று. அதில் இரண்டு எச்டிஎம்ஐ. "ரெண்டு மானிட்டர்லயும் ஒரே படம் வருதுண்ணா, ஹப் ஃபால்ட்டு" என்றான். கடைக்காரர் ஹப்பைத் தொடக்கூட இல்லை. "ஹப் நல்லாத்தான் இருக்கும் தம்பி. உன் மெஷினு வெளிய ஒரு மானிட்டருக்குத்தான் படம் அனுப்பும். ரெண்டு வேணும்னா டிஸ்ப்ளேலிங்க் போட்ட டாக் வாங்கணும், டிரைவர் போடணும். பதினாலாயிரம்." இளைஞன் ஹப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏமாற்றியது யார் என்று அவனால் முடிவு செய்ய முடியவில்லை. யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இறங்கிப் போனான்.

அவனுக்கு வழிவிட்டுப் படியில் நின்றிருந்தவர்கள் ஒரு அப்பாவும் மகளும்.

மகளுக்கு முப்பதுக்குள் இருக்கும். தோளில் கம்பெனி பை, கையில் நான்காக மடித்த காகிதம். அப்பா அறுபத்தைந்தைத் தாண்டியவர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் ஏதோ பழுப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. மகள் காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். எச்டிஎம்ஐ இரண்டு, யூஎஸ்பி நான்கு, லேன் ஒன்று, ஹெட்செட்டுக்கு ஒன்று, கார்டு ரீடர் இருந்தால் நல்லது.

"பொங்கல் சாமான் லிஸ்ட் மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "லேப்டாப் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?"

துளைகளை எண்ணிக்கொண்டு வருகிறவர்களிடம் எதையாவது விற்றுவிடுவது சுலபம். ஒன்பது துளை கேட்டால் பதினொன்று உள்ளதைக் கொடுத்து அனுப்பலாம். இந்த மனிதர் பெட்டி எதையும் இறக்கவில்லை. லேப்டாப்பை வாங்கி விளிம்பை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து, அப்போதுதான் கண்ணாடியை இறக்கினார். அடுத்தடுத்து இரண்டு டைப் சி துளைகள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"இதுல ஒண்ணுலதான் படம் வரும். பாருங்க, இது பக்கத்துல டி மாதிரி ஒரு குறி இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல. மின்னல் குறி ரெண்டுலயும் இல்ல, அப்போ தண்டர்போல்ட் இல்ல. அந்த டாக் வேணாம், முப்பதாயிரம் மிச்சம்."

"குறி இல்லாம போட்டுட்டா?" என்றார் அப்பா.

"நிறைய கம்பெனி போடறதே இல்ல சார். சொருகிப் பார்க்கறதுதான்."

அப்பா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பேனாவுக்குப் பக்கத்தில் தேடி ஒரு சின்ன லென்ஸை எடுத்தார். ஒரு சென்டிமீட்டர்கூட அகலமில்லாத அந்தத் துளைக்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடையில் எல்லோரும் காத்திருந்தோம்.

"நடுவுல நாக்கு மாதிரி ஒண்ணு. மேல எத்தனை?"

"பன்னெண்டு சார். கீழ பன்னெண்டு. அதான் எப்படித் திருப்பிப் போட்டாலும் எடுக்குது."

"இருபத்துநாலு" என்றார் அப்பா, மரியாதையோடு. "நான் டெலிபோன்ஸ்ல லைன்மேனா இருந்தவன். நூறு ஜோடி கேபிளை வெயில்ல உக்காந்து கலர் பார்த்துப் பிரிச்சிருக்கேன். இது எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு கடைக்காரர் பேசியதெல்லாம் மகளிடம் இல்லை, அப்பாவிடம்தான். மகளுக்கு அதில் லேசான வருத்தம் இருந்ததை நான் கவனித்தேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கம்பெனி லேப்டாப்பா? டிரைவர் போட விடுவாங்களா?"

"வால்பேப்பரே மாத்த விட மாட்டாங்க" என்றாள்.

"அப்ப டிஸ்ப்ளேலிங்க்கும் வேணாம்." பதினாலாயிரமும் போயிற்று. தன் சரக்கையே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருகிற வியாபாரியைப் பார்ப்பது ஒரு சுகம்.

முதலில் இறங்கியது ஒரு சாம்பல் நிற ஹப், மூவாயிரத்து ஐந்நூறு. உள்ளங்கையில் அடங்கியது. ஒரு சாண்கூட இல்லாத வயர் அதன் உடம்போடு ஒட்டியே இருந்தது. சொருகினார். இரண்டு மானிட்டரும் விழித்துக்கொண்டன, இரண்டிலும் வேறு வேறு படம். மகளின் முகம் மலர்ந்தது. வீட்டிலும் ஒரு 4கே மானிட்டரும் பழையது ஒன்றும் இருக்கிறதாம். "இதே போதுமேப்பா."

அப்பா மவுஸைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார். சின்ன மானிட்டரில் அம்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. பெரியதில் விட்டு விட்டுப் போயிற்று.

"பெருசுல இழுக்குதே."

"அதுல நொடிக்கு 30 தடவைதான் படம் மாறுது சார். 60 வேணும். டப்பால 4கேன்னு கொட்டை எழுத்துல போடுவான், 30ன்னு மூலையில போடுவான்."

பிறகு மகள் தன் ஹார்ட் டிஸ்க்கை ஹப்பில் சொருகினாள். இப்போது சின்ன மானிட்டரிலும் அம்பு தாவ ஆரம்பித்தது. நின்றது, துள்ளியது, மறுபடி நின்றது. மகள் மவுஸைத் தட்டினாள். கடைக்காரர் எதுவும் சொல்லாமல் ஹப்பிலேயே இருந்த வயர்லெஸ் மவுஸின் குட்டிச் சொருகியைப் பிடுங்கி, லேப்டாப்பின் மறுபக்கத்தில் போட்டார். அம்பு சாதுவாகிவிட்டது.

"ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அப்படித்தான். யூஎஸ்பி 3 ஓடும்போது ஒரு இரைச்சல் விடும். மவுஸ் பேசறதும் அதே அலைவரிசையிலதான்."

"கிராஸ் டாக்!" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லில் அவருக்கு இருபது வயது குறைந்துவிட்டது. "பக்கத்து லைன்ல மாமியார் மருமக சண்டை நம்ம போன்ல கேக்கும். அதே கதைதானா?"

கிட்டத்தட்ட அதே கதைதான். இந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தொந்தரவு செய்வதைப் பற்றி இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்தும் மவுஸ் கெட்டுவிட்டதென்று புது மவுஸ் வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் இரண்டு வாங்கியிருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தபடி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது கறுப்புப் பெட்டி, ஏழாயிரத்து இருநூறு. இதில் பெரிய மானிட்டரிலும் அம்பு வழுக்கியது. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்பை இழுத்தால் ஆமை வேகம்.

"வயருக்குள்ள வேகமா போக நாலு ரோடு இருக்குன்னு வெச்சுக்குங்க சார். முதல்ல பார்த்தது ரெண்டைப் படத்துக்கும் ரெண்டை யூஎஸ்பிக்கும் விட்டுச்சு. இது நாலையும் படத்துக்கே விட்டுருது. யூஎஸ்பிக்கு பழைய சந்துதான், 480 எம்பிபிஎஸ். கீபோர்டு, மவுஸ், ஹெட்செட்டுக்கு அது தாராளம்."

"அப்போ இதுக்குக் கூடக் காசு குடுத்து அதைவிடக் கம்மியா வாங்கறோம்" என்றாள் மகள். நல்ல கேள்வி. கடைக்காரருக்கும் பிடித்திருந்தது.

"உங்களுக்குத் தினம் எது வேணும்? படமா, டிஸ்க்கா?"

அவள் யோசித்தாள். டிஸ்க் மாதத்துக்கு ஒரு முறை. அதை லேப்டாப்பிலேயே நேராகப் போட்டுக்கொள்ளலாம். காகிதத்தை எடுத்து யூஎஸ்பி நான்கு என்பதை அடித்து இரண்டாக்கினாள். கார்டு ரீடரையும் அடித்தாள். கேமராவே இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்பா பெட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "100 வாட்னு போட்டிருக்கே, சார்ஜர் உள்ள இருக்கா?"

"இல்ல சார். 100 வரைக்கும் தாங்கும்னு அர்த்தம். மேடத்தோட 65 வாட் சார்ஜரை இதுக்குப் பின்னால சொருகணும். இது கொஞ்சம் தின்னுட்டு மிச்சத்தை லேப்டாப்புக்கு விடும். ஆபீஸ் வேலைக்குப் போதும்."

"வயரு?"

"கழட்டலாம் சார்."

அப்பா கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். முகத்தில் முதல் முறையாகத் திருப்தி. சாம்பல் ஹப்பைச் சுட்டி, "அதுல வயர் அடியில மடிஞ்சு போனா மொத்தமும் குப்பைக்குப் போகணும். வயர்தான் முதல்ல சாகும். எந்த லைன்லயும்." மகளிடம் திரும்பி, "இதையே எடும்மா" என்றார். அவள் ஏற்கனவே மனதில் எடுத்துவிட்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனாலும் அப்பா சொல்லித்தான் எடுத்ததுபோலத் தலையாட்டினாள்.

இருநூறு ரூபாய் குறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்கிடையில்தான் விஷயம் வெளிவந்தது. வீட்டில் தனி மேசை கிடையாது. சாப்பாட்டு மேசையின் சன்னல் பக்கத்து முனையில்தான் மகளின் ஆபீஸ். இரவு எட்டரைக்கு அம்மா தட்டு வைக்க வரும்போது ஐந்து வயர்களைப் பிடுங்க வேண்டும். காலையில் ஐந்தையும் தேடிச் சொருக வேண்டும். ஒரு நாள் சாம்பார் கிண்ணம் சாய்ந்து சார்ஜர் போய்விட்டது. அதனால்தான் ஒரே வயர்.

"ஒரே வயர்னா எங்கேர்ந்து எங்க?" என்று கேட்டுவிட்டு, அப்பா சட்டைப்பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த பழுப்பு வஸ்துவை உருவினார். சணல் நூல். இரண்டு விரலில் சுற்றி முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் கண்ணாடி மேசைமேல் நீளவாக்கில் போட்டார். நடுவில் ஒரு முடிச்சு, முனையில் ஒரு முடிச்சு.

"இந்த முனை சன்னல் விளிம்பு. டாக் அங்கதான் இருக்கணும், சாம்பார் எட்டாது. இந்த முடிச்சு லேப்டாப். அடுத்த முடிச்சு எங்க வீட்டம்மா நாற்காலி."

டாக்கோடு வந்த வயரை நூலோடு சேர்த்துப் பிடித்தார். முதல் முடிச்சுக்கு ஒரு சாண் போல குறைந்தது.

"நான் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கறேன்பா."

"நீ தள்ளினா அம்மா எங்க உக்காருவா?"

கடைக்காரர் பையனைக் கூப்பிட்டார். பையன் ஒரு கைப்பிடி வயர்களோடு வந்தான். அதில் மிக நீளமானதை அப்பா எடுக்கப் போனபோது கடைக்காரர் தடுத்தார். "அது ரெண்டு மீட்டர், சார்ஜ் ஏத்தற வயர். படம் வராது. நீளம் கூடினாலே சிக்னல் சோர்ந்துடும், உங்களுக்குத் தெரியாததா? ஒரு மீட்டர் போதும்." படம் கடத்தும் ஒரு மீட்டர் வயரைத் தேடி எடுத்து, டாக்கில் போட்டு, மானிட்டர்கள் இரண்டும் எரிவதைக் காட்டினார். பிறகு கழற்றி அப்பாவிடம் நீட்டினார்.

நூலும் வயரும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வயர் முடிச்சைத் தாண்டி நாலு விரற்கடை போயிற்று. அப்பா அந்த நாலு விரற்கடையை விரல் வைத்து அளந்தார்.

"வளைஞ்சு போக இருக்கட்டும்" என்றார்.

மகள் போனை நீட்டிப் பணம் செலுத்தினாள். அப்பா நூலை இரண்டு விரலில் சுற்றினார், முடிச்சு போட்டார், பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. இருவரும் பெட்டியை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள்.