கட்டுச்சோறு சுமக்கும் கணினி

தொலைவழி செல்வோர் கட்டுச்சோறு கட்டிக்கொள்வது தமிழர் வழக்கம். புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் பொதிந்துகொண்டு தொடர்வண்டி ஏறும் குடும்பங்களை இன்றும் காணலாம். வழியில் எவரையும் எதிர்பாராமல் பசியாறுவதற்கான ஏற்பாடு அது. கணினிகளுள்ளும் கட்டுச்சோறு உடையவை, இல்லாதவை என இருவகை உண்டு. மடிக்கணினி தனக்கு வேண்டிய திரையையும் மின்கலத்தையும் தன்னுள்ளேயே கொண்டுள்ளது. மேசைக்கணினியோ சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பி வாழ்வது. பழைய மேசைக்கணினி ஒன்றின் நகலை எடுத்து, அதற்கும் கட்டுச்சோறு கட்டிக்கொடுக்கும் முயற்சியில் கணினி ஆர்வலர் பலர் ஈடுபட்டு வருகின்றனர்.

அவர்கள் விரும்பும் பழங்கணினிகளுள் ஒன்று கொமடோர் 64. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் 595 டாலர் விலையில் விற்பனைக்கு வந்த இக்கணினி, உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேலாக விற்றது. அதன் நினைவகம் வெறும் 64 கிலோபைட். இன்றைய கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதைப்போல் பன்மடங்கு இடம் கொள்ளும். விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் அமைந்திருந்தமையால், அதன் தடித்த உருவத்தைக் கண்டோர் 'ரொட்டிப் பெட்டி' என்று செல்லமாக அழைத்தனர்.

ஆயினும் அப்பெட்டி தனித்து இயங்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியே அதற்குத் திரை. செங்கல் போன்ற தனி மின்வழங்கி ஒன்று அதற்கு மின்சாரம் தந்தது. நிரல்களைச் சேமிக்க ஒலிநாடாக் கருவியோ வட்டு இயக்கியோ வேண்டியிருந்தது. இவை அனைத்தையும் இணைத்து இயக்கினால், நீலத்திரையில் 'ரெடி' என்னும் ஒரு சொல் தோன்றும். அதன் கீழே ஒரு சிறு கட்டம் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். வரிக்கு 40 எழுத்துகளாக 25 வரிகள் கொண்ட அத்திரையில் படமோ பட்டியலோ இராது. அடுத்து நிகழ வேண்டியதைக் கணினிமுன் அமர்ந்த சிறுவனோ சிறுமியோதான் பேசிக் என்னும் நிரல்மொழியில் எழுத வேண்டும்.

இதனை எடுத்துச் செல்லத்தக்கதாக்க அந்நிறுவனமே முயன்றது. 1984இல் வெளிவந்த எஸ்எக்ஸ்-64 என்னும் கணினியில் 5 அங்குல வண்ணத்திரையும் வட்டு இயக்கியும் கைப்பிடியும் ஒன்றாக அமைந்திருந்தன. எடை ஏறத்தாழ 10 கிலோ. ஆனால் அதில் மின்கலம் இல்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தூக்கிச் செல்லலாம். சென்ற இடத்தில் மின்செருகியைத் தேட வேண்டும். எடுத்துச் செல்லத்தக்கது என்பதும் தன்னிறைவு உடையது என்பதும் வெவ்வேறு பொருளுடையவை என்பதற்கு அக்கணினியே சான்று.

இன்று எஞ்சியுள்ள மூலக் கணினிகளை அறுத்தும் துளைத்தும் மாற்ற முனைவது முறையாகாது. அவை இனி உருவாக்கப்படப் போவதில்லை. பழுதாகும் ஒவ்வொன்றும் எண்ணிக்கையைக் குறைக்கிறது. மின்கலத்தால் அவற்றை இயக்குவதும் எளிதன்று. மூலக் கணினிக்கு 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்துடன் 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டமும் தேவை. மின்கலம் தருவதோ நேர்திசை மின்னோட்டம் மட்டுமே.

இவ்விடத்தில்தான் நகல் துணைக்கு வருகிறது. 2018இல் அக்கணினியின் பாதியளவு நகலும், 2019இல் விசைகள் அனைத்தும் இயங்கும் முழு அளவு நகலும் விற்பனைக்கு வந்தன. நகலின் உள்ளே பழைய சில்லுகள் இல்லை. உள்ளங்கையளவு மின்சுற்றுப் பலகையில் இயங்கும் மென்பொருள் ஒன்று, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்கிறது. ஆகவே முழு அளவுப் பெட்டியின் உட்புறத்தில் பெரும்பகுதி வெற்றிடம். கைப்பேசியைப் போலவே 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டம் அதற்குப் போதும். கட்டுச்சோற்றை வைக்க இடமும் உண்டு. அதை உண்ணும் வயிறும் உண்டு.

மாற்றத்தின் முதற்படி, கருவிகளைக் கையில் எடுப்பதன்று, கணக்கிடுவதே. 18650 எனப்படும் லித்தியம் மின்கலத்தைச் சான்றாகக் கொள்ளலாம். 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உடையதாதலின் அப்பெயர் பெற்றது. ஒரு கலம் 3.7 வோல்ட் மின்னழுத்தமும் 3 ஆம்பியர்-மணி கொள்ளளவும் உடையதெனில், நான்கு கலங்களைப் பக்க இணைப்பில் சேர்க்கும்போது 12 ஆம்பியர்-மணி, அதாவது 44.4 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும். 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றில் ஏழில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது எனக் கொண்டால், எஞ்சுவது 38 வாட்-மணி. பலகையும் திரையும் சேர்ந்து 10 வாட் எடுத்துக்கொண்டால் கணினி மூன்றே முக்கால் மணி நேரம் இயங்கும்.

கணக்கு எளிது, கலங்களைக் கையாள்வது எளிதன்று. லித்தியம் கலத்தின் இரு முனைகளும் தவறி இணைந்தால் தீப்பற்றும். 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் செய்தாலும் இடர் நேரும். மின்னழுத்தத்தில் வேறுபட்ட கலங்களைப் பக்க இணைப்பில் சேர்த்தலும் கூடாது. ஆதலின் காப்புச்சுற்று இன்றியமையாதது. மாணவர்கள் இப்பணியைத் தனியே செய்யாமல், இதனை நன்கறிந்த பெரியோர் துணையுடன்தான் தொட வேண்டும்.

அடுத்தது திரை. பழைய தொலைக்காட்சியின் அகலமும் உயரமும் 4:3 என்னும் விகிதத்தில் இருந்தன. இன்றைய திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதத்தின. பழைய படத்தைப் புதிய திரை முழுவதும் இழுத்து நிரப்பினால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். இருபுறமும் கருமையான இடம் விட்டால்தான் வட்டம் வட்டமாக இருக்கும். திரையைப் பெட்டியின் பின்விளிம்பில் கீல் கொண்டு பொருத்தினால், திறந்தவுடன் கணினி பின்புறம் சாயக்கூடும். கலங்களை விசைப்பலகையின் கீழே, இயன்ற அளவு முன்புறமாக அடுக்கினால் அவற்றின் எடையே சாயாமல் காக்கும். ஒலிக்குச் சிறு ஒலிபெருக்கியும், வெப்பம் வெளியேறக் காற்றுத் துளைகளும் வேண்டும்.

மூலத்தில் இல்லாத திரையையும் மின்கலத்தையும் சேர்த்தபின் அது இன்னும் பழங்கணினியின் நகல்தானா என்று வினவுவோர் உண்டு. தோற்றத்தை மட்டும் நோக்கின், அன்று என்பதே விடை. ஆனால் கொமடோர் 64 மக்கள் மனத்தில் இடம்பெற்றமைக்குப் பெட்டியின் வடிவம் மட்டும் காரணமாகாது. இயக்கியவுடன் எதையும் திணிக்காமல், 'எழுது' என்று காத்திருந்த அந்த வெற்றுத்திரையும் காரணம். எந்த மாற்றம் அத்திரையைக் காக்கின்றதோ, அது மூலத்துக்கு உண்மையானது. விசைப்பலகையைக் கழற்றிவிட்டு விளையாட்டுகள் மட்டும் ஓடும் பெட்டியாக மாற்றினால், வண்ணமும் வடிவமும் மாறாதிருந்தும் அது வேறு பொருளாகிவிடும்.

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்பது பழமொழி. நான்கு கலங்களும் மூன்றே முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துபோகும். பிறர் செய்து தந்த விளையாட்டுகளும் சில நாள்களில் சலித்துவிடும். ஆனால், அக்கலங்கள் எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டவர், பெட்டி ஏன் சாய்ந்தது என்று கண்டறிந்தவர், வெற்றுத்திரையில் தாமே ஒரு வரி எழுதி அது இயங்கக் கண்டவர் ஆகியோர் பெற்ற அறிவு தீர்வதில்லை. தன்னிறைவு என்பது எதுவும் தேவைப்படாத நிலை அன்று. தன் தேவை இன்னது, இவ்வளவு என்று அறிந்து, அதை உரிய அளவில் உடன்கொண்டு செல்லும் திறமே தன்னிறைவு. அத்திறம் கணினியைக் காட்டிலும் அதை மாற்றியமைத்தவரிடமே மிகுதியாகச் சேர்கிறது.